நாற்பத்து மூன்றாம் வழிக்கு எத்தனை கால்

கார் போகாத வழியாகத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, அதில் சைக்கிளை விட்டுப் பார்த்து, வந்து புத்தகமாக எழுதுவது அவருடைய தொழில். இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். அவருடைய மாமனாரும் அப்படித்தான் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் பெண்ணையும் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அதே ஒரு புத்தகம்தான். காட்டுக்குள் மரம் இழுத்த தடங்கள், ரயில் நின்றுபோன தண்டவாள மேடுகள், கால்வாய்க் கரைகள், இடிந்த கோட்டையைச் சுற்றிப் போகும் பழைய வண்டிப்பாதைகள் என்று நாற்பது வழிகள். ஒவ்வொரு வழியின் தொடக்கத்திலும் மூன்று கல்தூண் நட்டிருக்கும். கார்க்காரர்களுக்கு அங்கேயே ஒரு கும்பிடு.

புத்தகத்துக்கு இருந்த பெயர் படங்களால் வந்ததல்ல, வரைபடங்களாலும் வந்ததல்ல. கால் கணக்கால் வந்தது. ஒரு மேட்டை ஏறும்போது மூச்சு வாங்கியோ தொடை கடுத்தோ எத்தனை தடவை தரையில் காலை ஊன்றினாரோ, அந்த எண்ணை அப்படியே அந்த வழிக்கு எதிரே போட்டுவிடுவார். மூன்று கால் என்றால் ஓரளவு பழகியவர்கள் போகலாம். எட்டுக் கால் என்றால் கொஞ்சம் யோசித்துக்கொள். கால் பூஜ்யம் என்றால் குழந்தை குட்டியோடு கிளம்பு. இதில் ஏமாற்று வேலையே கிடையாது. ஒருமுறை தும்மல் வந்து காலை ஊன்றியதைக்கூட ஒன்று என்று எண்ணி, 'தும்மல்' என்று அடிக்குறிப்பும் போட்டவர். பின் அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஒவ்வொரு மேட்டையும் மிதித்தே ஏறி எழுதியது.' அந்த வரியில் அவருக்கு இருந்த பெருமை, பெற்ற பிள்ளை பேரில்கூட இருந்திருக்காது.

போன வருடம் வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் பதிப்புக்குப் புதிதாக ஒன்பது வழிகள் தருகிறேன் என்று பதிப்பகத்தாரிடம் ஏற்கனவே வாக்குக் கொடுத்தாயிற்று. அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர்தான் வண்டியில் ஒரு சின்ன மோட்டாரையும், சட்டத்தின் கீழே ரொட்டித்துண்டு அளவுக்கு ஒரு பேட்டரியையும் பொருத்திக் கொடுத்தார். கைப்பிடியில் மூன்று பட்டன். மூன்றாவதை அமுக்கினால் மலை உங்களைப் பார்த்து இறங்கி வரும் அத்தான் என்றார்.

வந்தது. நிஜமாகவே இறங்கி வந்தது. முதல் இரண்டு வழிகளில் யோக்கியமாக, மோட்டார் இல்லாவிட்டால் எத்தனை ஊன்றியிருப்போம் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு எழுதினார். மூன்றாவது வழியில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டார். இருபது வயதில் இருந்த கால் திரும்பி வந்துவிட்டது போல ஒரு மயக்கம். மனுஷனுக்கு அதைவிடக் கெட்ட போதை வேறு இல்லை. உச்சியில் நின்று நோட்டை எடுத்தார். 'வழி 43, கோட்டை வழி. கால்: 0.' கை தயங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அதற்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தார்: 'படுக்கையிலிருந்து எழுந்தவர்கூட ஏறலாம்.' அதற்கடுத்த ஆறு வழிகளுக்கும் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று தாராளமாக வாரி வழங்கினார்.

அவருடைய புத்தகத்துக்கு அச்சுப்பிழை பார்ப்பது மனைவிதான். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவள், பூஜ்யங்களின் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, மோட்டாரின் உதவியைக் கழித்தீர்களா என்று கேட்டாள். எல்லாம் கழித்தாயிற்று என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். பின் அட்டை வரி அப்படியே அச்சேறியது. அதில் யாரும் கை வைக்கவில்லை.

புத்தகம் வெளிவந்து இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதிய கடிதம். எழுதியவர் ஓய்வு பெற்ற தபால்காரம்மா. முப்பத்தொரு வருடம் சைக்கிளில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர். போன வருடம் பத்து மாதம் நோயாய்ப் படுத்துவிட்டு, மெல்ல எழுந்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி வண்டியை எடுத்திருக்கிறார். 'படுக்கையிலிருந்து எழுந்தவர்கூட ஏறலாம் என்று எனக்கே எழுதியது போல எழுதியிருந்தீர்கள் சார். என்னால் கல்பாலத்தைத் தாண்ட முடியவில்லை. பாலம் வருவதற்குள்ளேயே ஐந்து முறை காலை ஊன்றிவிட்டேன். நான் வழி தவறி வேறு பாதையில் போய்விட்டேனா என்று தெரிந்தால் மனசு ஆறும்.'

வழி தவறியது யார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை எழுதினால் பின் அட்டை வரி என்ன ஆவது, இருபத்திரண்டு வருடப் பெயர் என்ன ஆவது? ஆகவே நம்மவர் ஒரு சப்பைக்கட்டு கட்டினார். தாங்கள் போனது சரியான வழிதான், ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி, அவசரப்படாமல் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. ஒரு வரியில்கூடப் பொய் இல்லை பாருங்கள். அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம். தபாலில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாக மத்தியானத் தூக்கமும் போட்டார்.

பத்து நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, பதில் வந்துவிட்டது. அவர் கூடத்தில் நின்றபடியே பிரித்தார்.

'ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. வழி தப்பாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை இருந்தது, இப்போது தெளிவாகிவிட்டது. பூஜ்யம் போட்ட மேட்டிலேயே முடியவில்லை என்றால் இனி நான் ரோட்டில் யாருக்கும் இடைஞ்சலாக வண்டி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வந்து சைக்கிளை எடுத்துப் போகிறாள். நாலு பேர் பொய்யாக ஆறுதல் சொல்வார்கள். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். மிக்க நன்றி.'

நன்றி என்ற இடத்தில் அவருக்குக் காது மடல்வரை சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவி கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். அவள் ஒருமுறை படித்தாள், இன்னொரு முறையும் படித்தாள்.

"கழிச்சாச்சுன்னு சொன்னீங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முட்டிக்கு மோட்டார் வச்சதை யாரும் தப்பு சொல்லப்போறதில்ல. அந்தம்மா இனிமே வண்டியே ஏறக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. உங்க பூஜ்யத்தை நம்பி. நாளைக்கு சனிக்கிழமை. போயிட்டு வாங்க."

மறுபடி ஒரு கடிதம் எழுதுகிறேனே என்று இழுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேராது என்றாள் அவள். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார்.

சனிக்கிழமை காலை ரயிலில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகையிலும் மோட்டார் என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், கடைசி ஸ்டேஷன் வருவதற்குள் பேச்சை விட்டே காணாமல் போயிருந்தது.

தபால்காரம்மாவின் வீடு கால்வாய்த் தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன வீடு. கதவைத் திறந்ததும் நடையில் சைக்கிள்தான் நின்றது. சிவப்பு வண்டி. முன்கூடையைக் கழற்றித் துடைத்துத் தனியாக வைத்திருந்தார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருந்தார். மணியைப் பளபளவென்று தேய்த்திருந்தார். கைப்பிடியில் தங்கையின் பெயரும் முகவரியும் எழுதிய அட்டை, தபால் மூட்டைக்குக் கட்டுகிற முடிச்சாகக் கட்டித் தொங்கியது. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர் ஒருக்களித்துக்கொண்டு போனார்.

அம்மாவுக்கு வந்தவர் யாரென்று தெரிந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒல்லியான உருவம், வெட்டிவிட்ட நரைமுடி, நாற்காலியில்கூட நேராக நிமிர்ந்து உட்காருகிற பழக்கம். அலமாரியில் இருந்து ஐந்து பதிப்புகளையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வழியின் ஓரத்திலும் பென்சிலால் தன் கால் எண்ணிக்கையை எழுதியிருந்தார். புத்தகத்தில் மூன்று என்றால் இந்தம்மாவுக்கு நாலு, புத்தகத்தில் ஐந்து என்றால் இந்தம்மாவுக்கும் ஐந்து. இருபது வருடமாக இரண்டு பேர் கணக்கும் ஒன்றையொன்று ஒட்டியே வந்திருந்தது. நாற்பத்து மூன்றாம் வழிக்கு எதிரே ஐந்து என்று எழுதி, அதற்குக் கீழே, இனிமேல் கணக்கே இல்லை என்பது போல, ஒரு கோடு போட்டு முடித்திருந்தார். டீ வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஆறுதல் சொல்ல உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார் அம்மா. இவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"அம்மா, நான் அந்த மேட்டை மிதிச்சு ஏறல" என்றார். ஒருவழியாக வந்துவிட்டது. "முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வண்டியில மோட்டார் போட்டிருக்கேன். அதை வச்சுத்தான் ஏறினேன். பூஜ்யம் என்னோடது இல்ல, மோட்டாரோடது."

தபால்காரம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். அன்பான சிரிப்பு.

"சார், எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க. அட்டையிலயே போட்டிருக்கு. நீங்க அப்படிப்பட்டவர் இல்லன்னு எனக்குத் தெரியும்."

பார்த்தீர்களா கூத்தை. வாழ்க்கையில் முதல் தடவையாக மென்று முழுங்காமல் உண்மையைச் சொன்னால், அது ஆறுதலுக்குச் சொன்ன பொய்யாகிவிட்டது. அவர் சத்தியம் செய்யாத குறை. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே காலி டம்ளர்களை எடுத்தார். கடைசியில் அவர் எழுந்து போய், வாசலில் நின்ற தன் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்து வந்து, ஐந்து புத்தகங்களுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும். வாங்க, நான் ஏறிக் காட்டறேன். நீங்க எண்ணுங்க."

உங்கள் முட்டி என்று கேட்டார் அம்மா. வலித்தால் இறங்கிவிடுகிறேன், இறங்கினால்தானே கணக்கு என்றார் இவர்.

மூன்று கல்தூண்வரைதான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா சிவப்பு வண்டியை எடுத்தார். கைப்பிடியில் கட்டிய அட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. கால்வாய்க் கரையில் சமதரையாக இரண்டு கிலோமீட்டர். தூண்களைத் தாண்டியதும் பாதை காட்டுக்குள் திரும்பி மேலேறுகிறது. அந்தக் காலத்தில் கோட்டைக்குப் பீரங்கி இழுப்பதற்காகப் போட்ட பாதை. இரண்டு பக்கமும் பாசி பிடித்த எல்லைக் கற்கள், நடுவில் வண்டிச் சக்கரம் பதிந்து தேய்ந்த இரண்டு பள்ளம். கோட்டைச் சுவரின் ஒரு மூலை மரங்களுக்கு மேலே தெரிந்தது. புத்தகத்தில் இதையெல்லாம் அழகாகத்தான் எழுதியிருந்தார். எழுதத் தெரியாதவரா.

மிதித்தார். மோட்டார் ஓடாத அந்த வண்டி இரும்புப் பெட்டியாகக் கனத்தது. முதல் எல்லைக் கல்லைத் தாண்டவில்லை, மூச்சு விசில் அடித்தது. இரண்டாவது கல்லுக்கு முன்னால் வண்டி நின்றே போயிற்று. விழாமல் இருக்கக் காலை ஊன்றினார்.

கீழே தூணருகில் நின்ற தபால்காரம்மா எண்ணவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய்விடுவார் என்று இவர் நினைத்தார். ஆனால் அம்மா ஏறி மிதித்துக்கொண்டு வந்தார். அவர் நின்ற இடம்வரை நிற்காமல் வந்து, பக்கத்தில் நிறுத்தினார்.

"முப்பத்தொரு வருஷம் லெட்டர் கொடுத்திருக்கேன் சார். வீடு மாத்திப் போட்டுட்டேன்னு தெரிஞ்சா அன்னைக்கே திரும்பிப் போய், கதவைத் தட்டி, தப்பா போட்டுட்டேன்னு சொல்லி வாங்கிட்டு வருவேன். மழையானாலும் போவேன். ஒரு தடவைகூட யாராவது கேக்கட்டும்னு காத்திருந்ததில்ல." குரல் உயரவில்லை. "நான் முதல் லெட்டர் போட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றார் அவர்.

"இந்த மேட்டுல முடியாம திரும்பினதிலேர்ந்து அஞ்சு வாரம் கட்டில்ல படுத்துக்கிட்டு, நாம முடிஞ்சுட்டோம்னு நெனச்சேன் சார் நான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. இந்த நேரத்தில் அதைச் சொல்வதுகூடத் தன் சுமையை அந்தம்மா தலையில் இறக்குவதாகத்தான் இருக்கும் என்று பட்டது. நோட்டையும் பென்சிலையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கி, அவருடைய முதல் காலுக்கு ஒரு கோடு போட்டார். போகலாம் என்று தலையை அசைத்தார்.

கல்பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் கணக்கில் பதினொரு கோடு. அம்மாவுக்கு நாலு. போன தடவையைவிட ஒன்று குறைவு, அதுவும் அதில் ஒன்று இவருக்காகக் காத்து நின்றது. இவ்வளவு தூரம்தான் அன்றும் வந்தேன் என்று அம்மா பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தட்டிக் காட்டினார். அவர் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டார். ஓடைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். அம்மா கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவிழ்க்கவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து பேச்சுக்குரல் கேட்டது. ஒரு தகப்பனும் பத்து வயது மகளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண்ணின் முகம் சிவந்து, அழுதது காய்ந்திருந்தது. தகப்பன் ஒரு கையில் வண்டி, மறு கையில் விரித்த புத்தகம். மஞ்சள் அட்டையைத் தூரத்திலேயே நம்மவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"குழந்தைங்களே ஏறலாம்னு போட்டிருக்கு பாரு. படுக்கையில கிடந்தவங்ககூட ஏறலாமாம். உனக்குத்தான் உடம்பு வணங்கல. எதை ஆரம்பிச்சாலும் பாதியில விடற புத்தி" என்று சொல்லிக்கொண்டே வந்தார் தகப்பன்.

தபால்காரம்மா திரும்பி இவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அவர்கள் கடந்து போய்விடுவார்கள், இவர் யாரென்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பும் வந்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாப்பாவைத் திட்டாதீங்க. அந்தப் புத்தகத்துல போட்டிருக்கறது தப்பு. நான்தான் எழுதினேன். மோட்டார் வண்டியில ஏறிட்டு பூஜ்யம்னு எழுதிட்டேன்."

தகப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார். பின் அட்டையைத் திருப்பி, அங்கே இருந்த சின்னப் படத்தையும் எதிரே வேர்த்து வழிந்து நின்ற முகத்தையும் ஒப்பிட்டார். படத்துக்குக் கீழே இருந்த வரியைச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "ஒவ்வொரு, மேட்டையும், மிதித்தே, ஏறி, எழுதியது."

நம்மவர் கூனிக் குறுகிப்போனார். பூமி பிளக்கவில்லை. ஓடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தகப்பன் புத்தகத்தை மூடிப் பையின் அடியில் திணித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் மகளின் பக்கம் திரும்ப முடியாமல், வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அவருடைய வெட்கம் வந்துவிட்டது.

பெண்தான் முன்னால் வந்தது.

"இப்ப எத்தனை தடவை கால் வச்சீங்க?"

"பதினொண்ணு" என்றார் அவர்.

"நான் ஆறுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தள்ளிட்டு வந்ததை எப்படி எண்ணணும்?" என்று கேட்டது.

தள்ளுவதற்காக இறங்கும்போது ஒரு கால், அவ்வளவுதான், இறங்கித் தள்ளுவது குற்றமில்லை என்று அவர் விளக்கினார். அப்படியானால் ஆறேதான் என்றது பெண். அவ்வளவு நேரம் தொங்கிப்போயிருந்த முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. தகப்பன் பாட்டிலைத் திறந்து அதற்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுக்கும்போது தலையைத் தொட்டார்.

தபால்காரம்மா நோட்டை நீட்டி, நீங்களே எழுதுங்கள் சார் என்றார். அவர் நாற்பத்து மூன்றாம் வழியின் பக்கத்தைப் பிரித்து, பூஜ்யத்தை அடித்தார். பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இதுவரை என்று எழுதி, பதினொன்று, நாலு, ஆறு என்று மூன்று எண்ணையும் போட்டார். மிச்சம் எட்டு வழிகளை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார் அம்மா. எட்டையும் மறுபடி ஏறுவேன், அதுவரை ஏமாந்தவர்கள் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமையே கடைகளுக்கும் பத்திரிகைக்கும் எழுதிவிடுகிறேன் என்றார். மோட்டாரையும் எழுதுங்கள் என்றார் அம்மா. எழுதுகிறேன் என்றார். அம்மா தலையை அசைத்துவிட்டுக் குனிந்து, கைப்பிடியில் இருந்த முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். அட்டையை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி வந்தா வந்துட்டுப் போகட்டும். சாப்பாடு போட்டு அனுப்பறேன்."

பெண்ணுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. பெரியவர்கள் கிளம்புவதற்குள் ஏறி மிதித்து, பாலத்தைத் தாண்டி, மேலே வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. தகப்பன் மெதுவா போ என்று கத்தினார். மூன்று பேரும் வண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு அப்பாலிருந்து, மரங்களுக்குள்ளிருந்து, மூச்சிரைத்துக்கொண்டே அந்தக் குரல் கேட்டது.

"ஏழு."

அந்த இடத்தில் அது காலை ஊன்றியதை ஒருவரும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. அவர் நோட்டைத் திறந்தார். ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எழுதினார்.